பின்சீட்டில் கேட்ட குரல்

"1957, மே மாதம். குஷன்காரர் காரில் வயர் வேலை முடிந்தது. கிளேபாங் கடற்கரை வரை போய் வந்தோம். பின்சீட்டில் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஒரு வயர்கூடக் கண்ணில் படவில்லை."

என் சட்டைப்பை நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை. சந்தோஷமாக எழுதியிருக்கிறேன் என்பது எழுத்தின் சாய்விலேயே தெரிகிறது. இரண்டு மாதத்துக்குள், இதே கடைசி வாக்கியத்தை ஏறக்குறைய இதே சொற்களில் ஒரு போலீஸ் அறிக்கையில் ஆங்கிலத்தில் படித்தேன். எழுதியவருக்கு அதில் சந்தோஷம் இருந்திருக்காது.

குஷன்காரரை மலாக்காவின் காஜா பேராங்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குஷன்காரர் என்றால் போதும். நானும் அப்படியே எழுதுகிறேன். சாலையோரக் கடைவீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். நான் எதிர்மாடியில் வாடகைக்கு இருந்தேன். பண்டார் ஹிலிரில் ஒரு வழக்கறிஞரிடம் கிராணி வேலை, கடிதமும் கோப்பும் பார்ப்பது. காலையில் சன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அவர் கடை வாசலில் உதறிப் போட்டிருக்கும் தேங்காய் நார்தான்.

கார்களுக்கு இருக்கை தைப்பது அவர் தொழில். கிழிந்த சீட், அமுங்கிய ஸ்பிரிங், கூரைத் துணி, கதவு உள்தட்டி எல்லாம் செய்வார். ஊரில் வேறு இரண்டு பேரும் அதே தொழிலைச் செய்தார்கள், இவரைவிட விரைவாக. ஆனால் இவர் தைத்த சீட்டில் தையல் எங்கே என்று தேட வேண்டும். வளைந்த ஊசியால் உள்ளுக்குள்ளேயே ஓட்டி, நூலின் நுனியை நாருக்குள் புதைத்துவிடுவார். முடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூட்டு நெடுகக் கட்டைவிரலை ஓட்டுவார். விரல் எங்காவது தயங்கினால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி தைப்பார். வாடிக்கையாளர் வெளியில் நின்று ஹாரன் அடித்தாலும் நிமிர மாட்டார்.

"வேலையப் பாத்தா வேல தெரியக் கூடாது தம்பி" என்பார். அவருக்கு அது தொழில் நுணுக்கம் மட்டும் இல்லை, உடம்போடு ஒட்டிய குணம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மின்சார வயர் மரச்சட்டத்தில் ஆணி அடித்துச் சுவர்மேல் ஓடும். அவர் வீட்டில் பலகைக்குப் பின்னால் ஓடியது. காலண்டர் எதில் தொங்குகிறது என்று தெரியாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாலையில் நார் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மேடையேறி, ஆசீர்வதிப்பதுபோல் குனிந்து அதை உள்ளே செருகிவிட்டு இறங்கினார். காப்பிக்கடையில் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். அவர் வீட்டில் பல்லிகூடச் சுவருக்கு உள்ளேதான் ஓடும் என்று ஒருவர் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அப்படி ஓடினால் நல்லதுதானே என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அவர் மனைவி சொல்லிக் கேட்டது. ஜப்பான்காரன் காலத்தில் அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அப்போது ஊரில் துணியே கிடையாது. சாக்கை வெட்டி உடுத்திய காலம். யாரோ ஒருவருடைய காரின் கூரைத் துணியில் மிச்சம் கடையில் இருந்தது. அதை எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றுவதற்காகத் தைத்தாராம். ஆட்கள் வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தைத்ததைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஓரிடத்தைப் பிரித்து மறுபடியும் தைத்தாராம். "மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்குங்க இதெல்லாம்னு கேட்டேன். பதிலே சொல்லல" என்றார் அந்த அக்கா. அவர் சொன்ன விதத்தில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை.

அக்கா மலாக்காவிலேயே பிறந்தவர். குஷன்காரரோ நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். அந்த வித்தியாசம் ரொம்ப காலத்துக்கு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சுதந்திரம் நெருங்கிய பிறகுதான் யார் எங்கே பிறந்தவர், யாரிடம் பத்திரம் இருக்கிறது என்ற பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்தது.

அக்காவுக்கு வலது காது கேட்காது. அதுவும் ஜப்பான்காரன் காலத்துக் காரியம்தான். ஆற்றுப் பாலத்தில் நின்ற காவல் சிப்பாய்க்குச் சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று ஓர் அறை. காது போனதோடு தலைச்சுற்றலும் வந்து ஒட்டிக்கொண்டது. காரின் முன்சீட்டில் உட்கார்ந்து எதிரே ஓடிவரும் சாலையைப் பார்த்தால் வாந்தி வந்துவிடும். அதனால் எங்கே போனாலும் பின்சீட்டில், வலது ஓரத்தில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் போவார்.

அவர்களுடைய கார் போருக்கு முந்தையது. ஏறுவதற்குப் பக்கவாட்டில் மிதிபலகை வைத்த பழைய வண்டி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை கழித்துக் கட்டியதை வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் இவரே புதிதாகச் செய்திருந்தார். 1956 கடைசியில் அதற்கு ஒரு ரேடியோவும் வாங்கினார். அக்காவுக்குத் தமிழ் ஒலிபரப்பு என்றால் உயிர். வீட்டில் ரேடியோப் பெட்டியோடு இடது காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் காரில் அது பயன்படவில்லை. ஒலிபெருக்கி சிறியது. முன்பக்கம், ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே இருந்தது. எஞ்சின் இரைச்சலைத் தாண்டி அந்தச் சத்தம் பின்சீட்டுக்கு வராது. விளக்கைப் போட்டால் பேட்டரி தாங்காமல் குரல் கம்மிவிடும். வண்டியை முடுக்கினால் எஞ்சினின் பொரிச்சல் சத்தம் பாட்டோடு கலந்து வரும். ரேடியோ இருந்தும் அக்கா ஊமை வண்டியில்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

ரேடியோ வேலைக்கு எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். செட்டி கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், மாரியம்மன் திருவிழாவில் முன்னால் நிற்பார், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். நடுநடுவே அண்ணே, அக்கா என்று நாலைந்து தமிழ் வார்த்தைகள். அவர் வண்டியைப் பார்த்துவிட்டுத் திட்டம் சொன்னார். ரேடியோவுக்கென்று தனி பேட்டரி, பின்சீட்டுக்கு அடியில். அதிலிருந்து முன்பக்கம் ரேடியோவுக்குத் தடித்த வயர், எஞ்சின் வயர்கள் ஓடும் பக்கத்தை விட்டு விலகி. பெரிய ஒலிபெருக்கி, பின்சீட்டின் சாய்மானத்துக்கு நடுவில், அக்காவின் இடது காதுக்குப் பக்கத்தில். வண்டி ஓடும்போது இரண்டு பேட்டரியையும் சேர்த்து மின்சாரம் ஏற்ற ஒரு கத்தி வடிவ ஸ்விட்ச்.

இதுவரை சண்டை இல்லை. வயரை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் வந்தது. ரேடியோக்காரர் தரையோரமாக வெளியே இழுத்து ஆணி அடித்துவிடலாம் என்றார். பேட்டரிக்கு மேலே சீட்டில் ஒரு மூடி வைக்க வேண்டும் என்றார், மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றியாக வேண்டுமே. குஷன்காரர் மூடியா என்று கேட்டு முகத்தைச் சுளித்தார்.

"பியார் நம்பாக்லா, அண்ணே. எசோக் ரோசாக், செனாங் சாரி" என்றார் ரேடியோக்காரர். தெரிந்துவிட்டுப் போகட்டும், நாளைக்குக் கெட்டால் தேடுவது சுலபம் என்று அதற்கு அர்த்தம்; நம்பாக் என்றால் வெளியே தெரிவது.

"நம்பாக் ஆனா அது ஒரு வேலையா?" என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் திருப்பிக் கேட்டார் குஷன்காரர்.

"அப்ப தண்ணி எப்படி ஊத்துவீங்க?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"மாசா மாசம் பிரிச்சு ஊத்திட்டுத் திரும்பத் தைக்கிறேன்."

ரேடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். குஷன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே சொன்னார். அந்த வாக்கியத்தைப் பிற்பாடு நான் பல அதிகாரிகளிடம் திரும்பச் சொல்ல வேண்டிவந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் நம்பவும் இல்லை.

வேலை ஏப்ரலில் தொடங்கி மே வரை இழுத்தது. வயரைக் கதவடிப் பலகைக்குள் விட்டு, கம்பளத்துக்குக் கீழே கொண்டுபோய், சீட்டின் நாருக்குள் ஏற்றினார். ஒலிபெருக்கியின் முகத்துக்குத் துளைத் தகடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சத்தம் ஊடுருவிப் போகிற மெல்லிய நெசவுத் துணியைத் தேடிப் பிடித்து, சீட்டின் நிறத்துக்கே சாயம் ஏற்றி இழுத்துப் போர்த்தினார். ஸ்விட்ச் சீட்டுக்கு அடியில், கையை விட்டுத் தடவினால்தான் அகப்படும். ரேடியோவை முன்பக்கப் பெட்டிக்குள் தள்ளிக் கதவு வைத்தார். மூடினால் ரேடியோ இருக்கும் சுவடே கிடையாது.

கிளேபாங் போன அன்று நான் முன்சீட்டில் இருந்தேன். வண்டி சாலைக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டார். யாரோ ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடியபடியே கையை நீட்டித் தன் பக்கத்துச் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரோ பக்கத்துல ஒக்காந்து பேசுற மாரி இருக்குங்க" என்றார்.

கண்ணாடியில் குஷன்காரர் முகம் தெரிந்தது. அந்த முகத்தை அப்படி அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஜூனில் அக்காவின் தங்கை மகளுக்குச் சடங்கு. தங்கை வாழ்க்கைப்பட்ட தோட்டம் ஜொகூர் எல்லையைத் தாண்டி, தங்காக் பக்கம். எங்கள் கடற்கரைப் பகுதி கட்டுப்பாடு தளர்ந்த வெள்ளைப் பகுதியாக அறிவிக்கப்பட்டு நாலு வருஷம் ஆகவிருந்தது. அவசரகாலக் கட்டுப்பாடுகள் எங்களுக்கு மறந்தே போய்விட்டன. அரிசி, மருந்து, பேட்டரி, எதைக் கொண்டுபோனாலும் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட் போராளிகளுக்கா என்று கேட்கிற சோதனை எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருந்தது. எனக்கு அலுவலக வேலை, போகவில்லை. அவர்கள் இருவர் மட்டும் போனார்கள். இனிமேல் சொல்வது அக்கா சொன்னது. மூன்று தடவை வெவ்வேறு நாட்களில் கேட்டேன். மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னார்.

எல்லைக்கு அப்பால் ஒரு தடுப்பில் வண்டியை நிறுத்தினார்கள். பலகாரப் பாத்திரத்தை இறக்கச் சொன்னார்கள், இறக்கினார். சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தார். அப்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு கான்ஸ்டபிள் ரேடியோ எங்கே என்று கேட்டார். இவர் பெட்டிக் கதவைத் திறந்து காட்டினார். சத்தம் இங்கிருந்து வரவில்லையே என்றார் அந்தக் கான்ஸ்டபிள். அக்காவை இறங்கச் சொல்லிவிட்டுச் சீட்டை அமுக்கிப் பார்த்தார். அடியில் கெட்டியாக ஏதோ இருந்தது.

திற என்றார்கள். திறக்காது என்றார் இவர். ஏன் என்றார்கள். தைத்திருக்கிறது என்றார்.

அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பதில்களில் அதைவிட மோசமானது இருக்க முடியாது. ஆனால் அவரிடம் இருந்த உண்மை அதுதான். அரைமணி நேரம் கொடுங்கள், நானே பிரித்துக் காட்டிவிட்டுத் தைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து வளைந்த ஊசியையும் பிளேடையும் எடுத்திருக்கிறார். பிளேடைப் பார்த்ததும் ஒருவர் அவரைப் பின்னுக்கு இழுத்தார். இன்னொருவர் கத்தியை எடுத்துச் சீட்டில் வைத்தார். இவர் திமிறிப் போய் உள்ளங்கையை அந்த இடத்தில் விரித்து வைத்தார். சீட்டோடு சேர்ந்து கையும் கிழிந்தது. அக்கா சொன்னார்: "கர்ச்சீப்ப எடுத்து சீட்டத் தொடச்சாரு தம்பி. கையத் தொடைக்கல."

உள்ளே அவர்கள் கண்டது ஒரு பேட்டரி, விரல் தடிமனுக்கு வயர், கைக்கு எட்டாத இடத்தில் ஒரு ஸ்விட்ச். எல்லாம் நாருக்குள், மூடி இல்லாமல், தையல் தெரியாமல். அவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

என் முதலாளி நல்ல மனிதர். தானே வந்து வழக்கை எடுத்துக்கொண்டார். அந்தப் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், விசாரணை செய்தவர் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர். கத்தவில்லை, மிரட்டவில்லை. அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: காது, தலைச்சுற்றல், முன்பக்க ஒலிபெருக்கி, மாதாமாதம் பிரித்துத் தைப்பது. பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மாதம் ஒருதரம் சீட்டையே பிரித்துத் தைக்கிற மனிதனை நீங்கள் உங்கள் வாழ்நாளில் வேறெங்காவது பார்த்ததுண்டா? நான் இல்லை என்றேன். நானும் பார்த்ததில்லை என்றார் அவர். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இருக்கலாம் என்பதை நான் மேலிடத்துக்கு எழுத முடியாது என்றும் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு ஜீரணிக்க முடியாததும்.

அடுத்த வாரம் கடைவீட்டைச் சோதித்தார்கள். நான் வாசலில் நின்றேன். ஒரு சாதாரண வீடாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். சுவர்ப் பலகையைத் தட்டினால் பின்னால் வயர். பலகையைப் பெயர்த்தார்கள். காலண்டரை எடுத்தால் ஆணி இல்லை, சுவரில் ஒரு துளை, உள்ளே ஒரு கொக்கி. ஏன் என்று கேட்டார்கள். வாடிக்கையாளர்களுடைய நாலு சீட்டுகள் கடையில் இருந்தன. ஒன்றிலும் தையல் தெரியவில்லை, நாலையும் கீறிப் பார்த்தார்கள். அலமாரியின் பின்தட்டு வழுக்கித் திறந்தது, உள்ளே அக்காவின் தோடும் கல்யாணப் புடவையும். அவர் இருபது வருஷம் செய்த ஒவ்வொரு நல்ல வேலையும் அன்றைக்கு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. கடைசியில் படுக்கையிலிருந்த ஒரு சின்னத் தலையணையை எடுத்தார்கள். பிள்ளைக்குச் சுற்றிய துணியின் மிச்சத்தில் தைத்தது. கிழித்தார்கள். உள்ளே இலவம்பஞ்சைத் தவிர எதுவும் இல்லை. அவர்கள் போன பிறகு அக்கா துடைப்பத்தை எடுத்துப் பஞ்சைக் கூட்டினார். பஞ்சு துடைப்பத்துக்கு அடங்காமல் பறந்துகொண்டிருந்தது.

ரேடியோக்காரரையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். அவர் பயப்படாமல் போய் உள்ளதைச் சொன்னார். ரேடியோவை வைத்தது நான், வயர் கொடுத்தது நான், பேட்டரி ரேடியோவுக்குத்தான் என்றார். மூடி வைக்கச் சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றார். அவர் மறுத்தாரா? மறுத்தார். நண்பனைக் காப்பாற்றப் போனவர் உண்மையை மட்டும் பேசி அவரை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டு வந்தார். அதை அவரே என்னிடம் சொல்லும்போது நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அவர் எங்கள் தெரு வழியாக வருவதை நிறுத்திக்கொண்டார்.

வழக்கு மன்றத்துக்கே வரவில்லை. அவசரகாலச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். குஷன்காரரை ஜொகூரில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் இந்தியாவில் பிறந்தவர், இங்கே குடியுரிமைக்கு இன்னும் மனுக் கொடுக்காதவர். நாடு கடத்த அது போதும். விரும்பிப் போவதாக எழுதிக் கொடுத்தால் விரைவில் கப்பல் ஏற்றிவிடுவார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் மறுபரிசீலனை, மனு, காத்திருப்பு. என் முதலாளி காத்திருக்கச் சொல்லி ஆள் மூலம் தகவல் அனுப்பினார். விடுதலை கிடைக்கும் என்று அவர் நம்பினார். அக்காவும் அந்த நம்பிக்கையில்தான் சாப்பிட்டார், தூங்கினார்.

ஜூலைக் கடைசியில் பார்க்க அனுமதி கிடைத்தது. அக்காவை நான் அழைத்துப் போனேன். பஸ்ஸில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். முகாமில் நீளமான கூடம். நடுவே இரட்டைக் கம்பிவலை, இடையில் ஓராள் நடக்கிற இடம், அங்கே ஒரு காவலர். வலைக்கு இந்தப் பக்கம் எங்களைப்போல் ஏழெட்டுக் குடும்பங்கள். சீனர்கள்தான் அதிகம்.

அவர் வந்து நின்றார். உள்ளங்கைக் காயம் ஆறியிருந்தது. மெல்ல ஏதோ பேசினார். எனக்கே பாதிதான் கேட்டது.

"கேக்கலங்க" என்றார் அக்கா, இடது காதை வலையோடு ஒட்டி.

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க அவ காதுல சொல்லிடுங்க."

"தம்பி சொல்ல வேணாம்" என்றார் அக்கா. "எங்கிட்ட சொல்றத நீங்க சொல்லுங்க."

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டில் ஒரு ஆணிகூட வெளியே தெரிய விடாத மனிதர். பிறகு வலையைப் பிடித்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன். கப்பல்ல அனுப்பிடுவாங்க."

"எதுக்குப் போட்டீங்க? லோயர் இருக்கச் சொன்னாருல்ல?"

"வீட்ட இன்னொரு தடவ பிரிச்சுப் பாக்கணும்னாங்க. நீ தனியா நிப்ப."

"நின்னா நிக்கிறேன். எனக்கென்ன?"

"எனக்கு முடியல" என்று கத்தினார். கூடத்தில் மற்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "நீ வராத. ஒனக்குப் பொறப்புப் பத்திரம் இங்க இருக்கு. அங்க எனக்கே யாரும் இல்ல."

"நான் எப்படி வர? புள்ள இங்க கெடக்கான்."

அவர் தலையை ஆட்டினார். காவலர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றார்.

"காடிய வித்துடு" என்றார் அவர், காரைச் சொல்லி. "சீட்டத் தைக்காத. கிழிஞ்ச சீட்டோடயே குடு. வாங்குறவன் பாத்து வாங்கட்டும்."

சாப்பிட்டீர்களா என்று அக்கா கேட்டார். சாப்பிட்டேன் என்று கத்தினார். நேரம் முடிந்தது.

சுதந்திர நாளான மெர்டேக்கா அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கொடி கட்டினார்கள். அக்கா வீட்டுக் கதவு மூடியிருந்தது. அதற்கு முன்பே குஷன்காரர் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறியிருந்தார். ஆகஸ்ட் இரண்டாம் வாரம். செய்தித்தாளின் கப்பல் பத்தியில் பார்த்து அன்றே குறித்துவைத்தேன், அதில் சந்தேகம் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. வந்து சேர்ந்தேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று இரண்டு வரி. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

செப்டம்பரில் அந்த இன்ஸ்பெக்டர் என் முதலாளிக்குத் தொலைபேசியில் பேசினார். ரேடியோக்காரரின் வாக்குமூலத்தை மேலிடத்தில் யாரோ மறுபடி படித்திருக்கிறார்கள். காருக்கு ரேடியோவை விற்ற கடைக்காரரையும் விசாரித்திருக்கிறார்கள். ஆளை விட்டுவிடலாம் என்று ஆகஸ்டிலேயே கடிதம் எழுதப்பட்டதாம். ஆகஸ்டில் என்றைக்கு என்று என் முதலாளி கேட்டார். கோப்பு தன்னிடம் இல்லை, முதல் வாரமாக இருக்கலாம், நடுவாகவும் இருக்கலாம் என்றாராம்.

இதை அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கணவரின் வழக்கைப் பற்றி அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"கப்பல் மொதல்ல போயிருந்தா அவரு அவசரப்பட்டுட்டாரு. கடுதாசி மொதல்ல வந்திருந்தா அவங்க தெரிஞ்சே அனுப்பிட்டாங்க. யாரத் திட்டுறதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் தம்பி."

நான் எழுதிக் கேட்டேன். முதலில் முகாமுக்கு, பிறகு ஜொகூருக்கு, பிறகு கோலாலம்பூருக்கு. ஆட்சி மாறிக்கொண்டிருந்த நேரம், கோப்புகளும் இடம் மாறிக்கொண்டிருந்தன. இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது, இரண்டிலும் தேதி இல்லை. அக்கா காஜா பேராங்கை விட்டுத் தங்கையிடம் போகும்வரை, என்னைப் பார்த்த போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்டார். போன பிறகு ஆள் வரும்போது சொல்லியனுப்பிக் கேட்டார்.

கப்பல் புறப்பட்ட தேதி என்னிடம் இருக்கிறது. விடுதலைக் கடிதத்தின் தேதியை நான் பார்க்கவில்லை, பார்த்த ஒருவரையும் சந்திக்கவில்லை. அது கப்பலுக்கு முந்தியதா பிந்தியதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.